கம்பியில்லா இணைப்பும் வாசலின் ஒழுக்கமும்

 

இன்று நம்மில் பலரது இல்லங்களில் இரண்டு கணிப்பொறிகள் உள்ளன. கூடத்தில் இருப்பதில் தகப்பனார் கடைக்கணக்கு எழுதுகிறார்; உள்ளறையில் இருப்பதில் பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர். இவ்விரண்டையும் கம்பியின்றி இணைத்துவிட்டால் கோப்புகளையும் அச்சுப்பொறியையும் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

இது புதிய கலையன்று. 1971ஆம் ஆண்டிலேயே ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளிடையே வானொலி அலைகளின் வழியாகக் கணிப்பொறித் தொடர்பை ஏற்படுத்தியது. நம் அடையாற்றை அடுத்துள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர், 1990களில் 'கார்டெக்ட்' என்னும் முறையை உருவாக்கி, தொலைபேசியையும் இண்டர்நெட்டையும் கம்பியின்றி வீடுகளுக்குக் கொண்டுசெல்ல வழி கண்டனர். அதன் வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய 'வைஃபை'யின் வேகம் அதனினும் பன்மடங்கு அதிகம். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என மத்திய அரசு 2005இல் அறிவித்தது.

இணைக்கும் முறையைப் பார்ப்போம். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 'ரவுட்டர்' என்னும் சிறு கருவி கிடைக்கும். இண்டர்நெட் இணைப்பு இல்லாவிடினும் அது இரு கணிப்பொறிகளையும் இணைத்துவிடும். வீட்டின் நடுவில், சற்று உயரமான இடத்தில் அதை வையுங்கள். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் உள்ள தடித்த செங்கற்சுவர்கள் அலைகளைத் தடுக்கும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதாயினும் சுவரைத் தாண்ட வலுக்குறைந்தது. தியாகராய நகரின் அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டு அலைகள் இடையூறு செய்தால், 1, 6, 11 ஆகிய தடங்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

ரவுட்டரின் அடியில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். அம்முகவரியைக் கணிப்பொறியில் திறந்து, முதல் வேலையாக அக்கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். இணைப்புக்குச் சூட்டும் பெயரில் குடும்பப் பெயரோ கதவிலக்கமோ வேண்டாம். பாதுகாப்பு முறையாக 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.3' என்பதைத் தேர்ந்து, நீண்டதொரு கடவுச்சொல் இடுங்கள். பிறகு இரு கணிப்பொறிகளையும் அதில் இணைத்து, 'தனிப்பட்ட வலையமைப்பு' எனக் குறியுங்கள். பகிர வேண்டிய ஒரே ஓர் உறையை மட்டும் பகிருங்கள். கணக்குப் புத்தகம் பிள்ளைகள் கைபட்டு அழியாதிருக்க, அவர்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும்.

"நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது? கடவுச்சொல் எதற்கு?" என்று சிலர் எண்ணலாம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின், பாதுகாப்பற்ற வைஃபை இணைப்பின் வழியாக அனுப்பப்பட்டதென்று தெரியவந்தது. அவர் காவல்துறையின் விசாரணைக்கு உள்ளானார். அவருக்குச் சம்பந்தமில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. திறந்து கிடந்த கதவு ஒரு நிரபராதியை எவ்வளவு அலைக்கழித்தது பாருங்கள்! சந்தேகத்தின் நிழல் எளிதில் படியும் இக்காலத்தில், நம் பிள்ளைகளுக்கு அந்நிலை வரலாமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அண்டை வீட்டாரின் இணைப்பு பூட்டப்படாமல் இருக்கிறது என்பதற்காக நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்தலாகாது. ஸலாம் கூறி, அனுமதி பெற்ற பின்னரே பிறர் இல்லத்தினுள் நுழைய வேண்டும் எனத் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் கற்பிக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத வாசலுக்கும் அதே ஒழுக்கம் பொருந்துமன்றோ? அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் அறிவோம். தேவையெனில் கேட்டுப் பெறுவோம். மறுத்தால் மனக்கசப்பின்றித் திரும்புவோம்.

இன்றிரவே பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு உங்கள் வீட்டு இணைப்பைச் சரிபாருங்கள். பூட்டும் முறையையும், பிறர் பூட்டைத் தொடாத பண்பையும் அவர்கள் ஒருசேரக் கற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.