ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டி

கருவில் முதற்கண் இருப்பது ஓர் உயிரணுவே. அது இரண்டாய், நான்காய்ப் பிரிந்து, பல்கிப் பெருகி முழு உடலாகின்றது. அவ்வுயிரணுக்களுள் சில கண்ணாகவும், சில எலும்பாகவும், சில தோலாகவும் அமைகின்றன. முன் எது, பின் எது என்னும் திசையும் பிறழ்வதில்லை. காணவும் கேட்கவும் இயலாத உயிரணுக்கள் தத்தம் இடத்தையும் கடமையையும் அறிவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண, ஆட்டு மந்தையும் சிற்றீயும் அறிஞர்க்குத் துணை புரிந்தன.

அமெரிக்க நாட்டு ஐடகோ மாநில மலைகளில் செம்மறியாடு மேய்ப்போர் உளர். 1950-களில் அவர்தம் மந்தைகளில் முகத்தின் நடுவே ஒரே கண்ணுடைய குட்டிகள் பிறந்தன. வாழ்வுக்கு ஆடுகளையே நம்பியிருந்த இடையர் கலங்கினர். அரசின் வேளாண்மை அறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, மலைப்புல்வெளிகளில் வளரும் ஒருவகைப் பூண்டே காரணம் எனக் கண்டனர். கருவுற்ற பதினான்காம் நாளையொட்டி அதனைத் தின்ற ஆடுகளே இத்தகைய குட்டிகளை ஈன்றன. பூண்டிலுள்ள நஞ்சிற்குச் சைக்ளோபமைன் எனப் பெயரிட்டனர். கருவுற்ற தொடக்க நாள்களில் ஆடுகளை அவ்விடத்து மேயவிடாது காத்தலால் கேடு தவிர்ந்தது. எனினும், இரு கண் ஒன்றாகும் விதம் விளங்கவில்லை.

விளக்கம் வேறோரிடத்திலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிறிஸ்தியானே நியூஸ்லைன்-போல்கார்டு, எரிக் வீஷாஸ் என்னும் இருவர் பழ ஈயின் புழுக்களை ஆராய்ந்து, 1980-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அப்புழுவின் உடல் பல வளையங்களால் ஆயது. ஒவ்வொரு வளையத்திலும் முன்பகுதியில் நுண்முட்கள் இருக்கும். பின்பகுதி வழவழப்பாக இருக்கும். ஒரு மரபணு பழுதுற்ற புழுக்களிலோ இவ்வேறுபாடு அழிந்து, முட்களே நெருங்கி நின்றன. ஆதலின் அம்மரபணுவிற்கு 'முள்ளெலி' எனப் பெயரிட்டனர். 1995-இல் இவ்விருவரும் மற்றோர் அறிஞருடன் நோபல் பரிசு பெற்றனர்.

அம்மரபணு ஆக்கும் புரதம் உயிரணுக்களிடையே தூதாகச் செல்கின்றது. ஓர் உயிரணு அதனை வெளியிட, அயலிலுள்ளவை ஏற்கின்றன. அண்மையிலிருப்பவை மிகுதியாகவும் சேய்மையிலிருப்பவை குறைவாகவும் பெறுகின்றன. பெற்ற அளவிற்கேற்பத் தம் கடமையை மேற்கொள்கின்றன. ஆட்டிலும் மனிதரிலும் இத்தகைய தூது உண்டு. கருவின் தலைப்பகுதியில் கண்ணாகும் நிலம் முதலில் ஒன்றே. அதன் கீழிருந்து எழும் தூது, நடுவிலுள்ள உயிரணுக்களைக் கண்ணாகாவண்ணம் தடுக்கின்றது. அதனால் இருமருங்கும் இரு கண்கள் அமைகின்றன. சைக்ளோபமைன் இத்தூதின் வழியை அடைத்துவிடுகின்றது என்பது 1998-இல் தெளிவாயிற்று. தூது பயன்படாதபோது நிலம் பிரிவதில்லை, கண்ணும் ஒன்றாகின்றது.

வளர்ந்த உடலில் இத்தூதுவழி வரம்பின்றி இயங்கினால், ஒருவகைத் தோற்புற்று உண்டாகும். அவ்வழியை அடைக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்திற்கு 2012-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. அம்மருந்து கருவுற்ற மகளிர்க்கு ஆகாது. ஏன் என்பதை மாணவர் இப்பாடத்தைக் கொண்டே உய்த்துணரலாம்.