நடுத்தர விலை லேப்டாப்பில் புது 'வீடியோ கேம்' ஓடுமா? கூடுதலாக 30 ஆயிரம் கொடுக்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

சேலம்:-

பிளஸ்-2 முடித்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் முதல் பொருள் லேப்டாப். "படிக்கத்தாம்பா" என்று ஆரம்பிக்கிற பேச்சு, கடைக்குள் நுழைந்ததும் "இதுல கேம் ஓடாதுப்பா, அதை வாங்கிக் குடு" என்று மாறிவிடுகிறது. 45 ஆயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டு வந்த அப்பா, 75 ஆயிரம் என்று விலையைக் கேட்டதும் திகைத்துப் போகிறார்.

லாரி ஓட்டி, தறி ஓட்டி, கோழிப்பண்ணையில் வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு 30 ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை அல்ல. 12 மாதத் தவணை என்றால் 45 ஆயிரத்துக்கு மாதம் 3,750 ரூபாய். 75 ஆயிரத்துக்கு 6,250 ரூபாய். வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 2,500 ரூபாய் கூடுதல்.

அந்தப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? நடுத்தர விலை லேப்டாப்பில் இப்போதைய கேம்கள் ஓடுமா, ஓடாதா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

அரசு லேப்டாப்பில் தொடங்கிய ஆட்டம்

நம் பக்கத்து வீடுகளில் பலருக்கு முதல் லேப்டாப்பே அரசு கொடுத்ததுதான். 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினி திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது கொடுத்த லேப்டாப்களில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க் இருந்தன. பாடம் படித்ததோடு 'வைஸ் சிட்டி', 'சான் ஆண்ட்ரியாஸ்', 'கவுண்ட்டர் ஸ்டிரைக்' விளையாடாத மாணவர்கள் குறைவு. அவை 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த பழைய கேம்கள். அதனால்தான் அந்த லேப்டாப் தாங்கியது.

அதன் பிறகு 2026-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, கல்லூரி மாணவர்களுக்கான 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னையில் தொடங்கி வைத்தார். 20 லட்சம் பேருக்குக் கொடுப்பதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. இந்த லேப்டாப்பில் இன்டெல் ஐ-3 அல்லது ஏ.எம்.டி. ரைசன்-3 பிராசசர், 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ளன. கடையில் நடுத்தர விலைக்குக் கிடைக்கும் லேப்டாப்பும் இதைவிட ஒன்றிரண்டு படிதான் மேலே. ஆகவே, இதில் என்ன ஓடும் என்று தெரிந்தால் அதில் என்ன ஓடும் என்றும் ஓரளவு தெரிந்துவிடும்.

லாரிக்கணக்கில் சொன்னால்...

நாமக்கல் பக்கம் லாரியைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. லேப்டாப்பும் அப்படித்தான். வழி பார்த்து வண்டியை நடத்தும் டிரைவர் மாதிரி பிராசசர். லோடு இழுக்கும் என்ஜின் மாதிரி 'கிராபிக்ஸ்'. சரக்கு ஏற்றும் பாடி மாதிரி ரேம். சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் மாதிரி உள்ளே ஓடும் சின்ன மின்விசிறி.

டைப் அடிக்க, படம் பார்க்க, டேலி போட எல்லாம் காலி வண்டி ஓட்டுகிற மாதிரி. எந்த லேப்டாப்பும் போகும். புதிய கேம் என்பது முழு லோடு ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற மாதிரி. அங்கே டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் என்ஜின் இழுக்க வேண்டும்.

நடுத்தர விலை லேப்டாப்களில் பெரும்பாலும் தனி 'கிராபிக்ஸ் கார்டு' கிடையாது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான். அதற்கென்று தனி மெமரியும் கிடையாது. 8 ஜி.பி. ரேமில் இருந்துதான் அதுவும் பங்கு எடுத்துக்கொள்ளும். விலை 30 ஆயிரம் ஏறுவது முக்கியமாக அந்தத் தனி கார்டுக்காகத்தான்.

எது ஓடும்?

பையன்கள் அதிகம் விளையாடும் 'வாலரன்ட்' கேம் 2020-ல் வந்தது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்றே செய்யப்பட்டது. 4 ஜி.பி. ரேம், பழைய இன்டெல் கிராபிக்ஸ் இருந்தாலே போதும் என்கிறது அந்த நிறுவனம். ஆகவே அரசு லேப்டாப்பிலும், 45 ஆயிரம் ரூபாய் லேப்டாப்பிலும் தாராளமாக ஓடும். ஆனால் 'விண்டோஸ்' வேண்டும். 'லினக்ஸ்' போட்டால் ஓடாது.

'மைன்கிராப்ட்' ஓடும். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜி.டி.ஏ.-5' பழைய பதிப்பு, படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும். 2023 செப்டம்பரில் வந்த 'கவுண்ட்டர் ஸ்டிரைக்-2' 8 ஜி.பி. ரேம் கேட்கிறது. திறக்கும், விளையாடலாம். ஆனால் நான்கு பக்கமும் புகை, வெடி என்று வரும்போது படம் தடுமாறும்.

எது ஓடாது?

2020-ல் வந்த 'சைபர்பங்க் 2077' இப்போது குறைந்தபட்சம் 12 ஜி.பி. ரேம், 6 ஜி.பி. மெமரி உள்ள தனி கிராபிக்ஸ் கார்டு கேட்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த 'பிளாக் மித் வுகோங்' 16 ஜி.பி. ரேம், 130 ஜி.பி. இடம் கேட்கிறது.

'டூம்: தி டார்க் ஏஜஸ்' என்ற 2025-ம் ஆண்டு கேம் இன்னும் ஒரு படி மேலே. ஒளியும் நிழலும் நிஜம் மாதிரி தெரிய வைக்கும் 'ரே டிரேசிங்' வசதி உள்ள கார்டு இல்லை என்றால் அது வேலைக்கே ஆகாது. தரத்தை எவ்வளவு குறைத்தாலும் பயன் இல்லை. சாதா லேப்டாப்பில் இவற்றை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

இன்னொரு விஷயம். "ஜி.டி.ஏ.-6 வரப்போகுது, அதுக்காகத்தான்" என்று கேட்கிற பிள்ளைகளும் உண்டு. அந்த கேமை ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்தது 'பிளேஸ்டேஷன்-5', 'எக்ஸ்பாக்ஸ் சீரிஸ்' கருவிகளுக்குத்தான். கம்ப்யூட்டருக்கு வரும் தேதியை அப்போது சொல்லவில்லை. அதை நம்பி இப்போதே 80 ஆயிரம் போடுவதில் அர்த்தம் இல்லை.

'ஓடும்' என்றால் என்ன அர்த்தம்?

சினிமா வினாடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. கேமுக்கு அது போதாது. வினாடிக்கு 30 படம் வந்தால் சமாளிக்கலாம், 60 வந்தால் வழுக்கிக்கொண்டு போகும். கேம் நிறுவனம் சொல்லும் 'குறைந்தபட்ச' தேவை என்பது பெரும்பாலும் தரத்தைக் குறைத்து ஓட்டும் அளவுதான். விளம்பரத்தில் பார்த்த படம் மாதிரி தெரிய வேண்டும் என்றால் 'பரிந்துரைக்கும்' தேவை என்று தனியாக எழுதி இருப்பதைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வழியும் இருக்கிறது. திரை அளவு 1920-க்கு 1080 என்று இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். கேம் செட்டிங்கில் 1280-க்கு 720 என்று மாற்றினால் 9.2 லட்சம் புள்ளிகள்தான். பாதிக்கும் கீழே வேலை குறைகிறது. படம் கொஞ்சம் மங்கும், ஆனால் ஆட்டம் நிற்காது. 'எப்.எஸ்.ஆர்.' என்று செட்டிங்கில் இருந்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம். சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி அது. தனி கார்டு இல்லாத லேப்டாப்பிலும் வேலை செய்யும்.

சில ஆயிரத்தில் ஒரு வழி

பல லேப்டாப்களில் 8 ஜி.பி. ரேம் ஒரே துண்டாக இருக்கும். பக்கத்தில் ஒரு சாக்கெட் காலியாக இருக்கும். அதில் இன்னொரு 8 ஜி.பி. போட்டால் அளவு 16 ஆவதோடு, தகவல் போகும் பாதையும் இரட்டை ஆகிறது. ஒற்றை ரோடு நான்கு வழிச்சாலை ஆன மாதிரி. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் வேகம் இதனாலேயே நன்றாகக் கூடும். இன்டெல்லின் சில பிராசசர்களில் இரட்டை ரேம் போட்டால்தான் கிராபிக்சின் முழு பலமே வெளியே வரும்.

ஆனால் சில மாடல்களில் ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்திருப்பார்கள். அதில் ஒன்றும் செய்ய முடியாது. "காலி சாக்கெட் இருக்கா?" என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். 2025 கடைசியில் இருந்து உலகம் முழுவதும் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதால், போடும் முன் விலையையும் விசாரிப்பது நல்லது. அரசு லேப்டாப் என்றால் கழற்றும் முன் வாரண்டி விதியைப் பார்த்துவிடுங்கள்.

இடமும் ஒரு பிரச்சினை. 256 ஜி.பி. என்று எழுதி இருந்தாலும் கம்ப்யூட்டர் காட்டுவது சுமார் 238 ஜி.பி.தான். அதில் விண்டோஸ் ஒரு பங்கு எடுத்துவிடும். 'கவுண்ட்டர் ஸ்டிரைக்-2' மட்டும் 85 ஜி.பி., 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்-2' 150 ஜி.பி. கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாடப் புத்தகம், புராஜெக்ட் வைக்க இடமே இருக்காது.

பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கூடுதல் பணம் கொடுப்பதாக முடிவு செய்தவர்களும் உஷாராக இருக்க வேண்டும். 'ஆர்.டி.எக்ஸ். 4050' என்று ஸ்டிக்கர் ஒட்டிய எல்லா லேப்டாப்பும் ஒன்று அல்ல. அந்தக் கார்டுக்கு 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை மின்சாரம் கொடுக்கலாம் என்று நிறுவனமே விட்டுவைத்து இருக்கிறது. மெலிசான லேப்டாப்பில் குறைந்த வாட்டும், கனமான லேப்டாப்பில் அதிக வாட்டும் கொடுப்பார்கள். பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே 'எச்.பி.' வேறு. வாட் எவ்வளவு என்று கேட்காமல் காசை எண்ணாதீர்கள்.

சார்ஜரைப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். சாதா லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் சார்ஜர் வரும். நிஜமான கேமிங் லேப்டாப்புக்கு 150 வாட்டுக்கு மேல் வரும். இப்படிப்பட்ட லேப்டாப் கரண்ட் போனதும் பேட்டரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சார்ஜும் சீக்கிரம் இறங்கிவிடும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இது முக்கியம்.

வெயிலும் பஞ்சுத் தூசியும்

நம் ஊரில் இன்னொரு எதிரி வெயில். லேப்டாப் நிறுவனங்கள் பொதுவாக 35 டிகிரி செல்சியஸ், அதாவது 95 டிகிரி பாரன்ஹீட் வரை உள்ள அறையில் பயன்படுத்தச் சொல்கின்றன. சேலத்தில் சித்திரை, வைகாசியில் 100 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் கேட்கவே வேண்டாம்.

பிராசசர் 95, 100 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால், கருகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் 'ஜம்'மென்று ஓடிய கேம் அப்புறம் திக்கித் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இளம்பிள்ளை, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசி மின்விசிறியை அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் அடைத்த லாரி மாதிரி ஆகிவிடும். மெத்தை மேல், மடி மேல் வைத்து விளையாடினால் அடியில் உள்ள காற்றுத் துளை மூடிக்கொள்ளும். மேஜை மேல் வைத்து, பின்பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டு, வருடத்துக்கு ஒரு முறை தூசி எடுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

'கிராக்' வேண்டாம்

காசு கொடுக்காமல் கேம் வேண்டும் என்று 'கிராக்' செய்ததை இறக்கிப் போடுவது பல பிள்ளைகளுக்குப் பழக்கம். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் திருட்டு புரோகிராம்கள் பிரவுசரில் உள்ள பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போய்விடும். அப்பாவின் பேங்க் கணக்கு திறந்த அதே லேப்டாப் என்றால் ஆபத்து வீட்டுக்கே வரும். 'வாலரன்ட்', 'கவுண்ட்டர் ஸ்டிரைக்-2' இரண்டையும் காசு கொடுக்காமலேயே முறைப்படி இறக்கலாம். 'ஸ்டீம்' தளத்தில் வாங்கிய கேம் சரியாக ஓடவில்லை என்றால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடி இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

பழைய லேப்டாப் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'விண்டோஸ்-10'க்கான இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டது. இன்டெல் 7-ம் தலைமுறையும் அதற்கு முந்தியதும் பெரும்பாலும் 'விண்டோஸ்-11'க்குத் தகுதி பெறாது. விலை மலிவு என்று வாங்கி மாட்டிக்கொள்ளக்கூடாது.

என்ன செய்யலாம்?

முதலில் பிள்ளை என்ன படிக்கிறான் என்று பாருங்கள். பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. கணிதம் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு படிப்புக்குத் தேவை இல்லை. அரசு லேப்டாப் கையில் இருந்தால் அதுவே போதும். சாதாரண புரோகிராம் எழுதிப் பழகவும் அது தாங்கும். மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர், அனிமேஷன் என்றால் முப்பரிமாணப் படம் வரைய அந்தக் கார்டு உதவும். அங்கே 30 ஆயிரம் வீண் போகாது. கேம் என்பது உபரி லாபம்.

அடுத்து, விளையாட நினைக்கும் மூன்று கேம்களின் பெயரைப் பிள்ளையிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தந்த கேம் நிறுவனமே தேவைப்படும் ரேம், கிராபிக்ஸ், இடம் எவ்வளவு என்று வெளியிட்டு இருக்கும். வாங்கப்போகும் லேப்டாப் மாடலின் பெயரோடு கேம் பெயரையும் சேர்த்து 'யூ-டியூப்'பில் தேடினால், யாராவது ஓட்டிக் காட்டி இருப்பார்கள். பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிடும்.

எழுதித் தந்த மூன்றும் 'வாலரன்ட்' மாதிரி என்றால் நடுத்தர விலை லேப்டாப் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு ரேம் போட்டு, மீதியைக் கல்லூரி பீசுக்கு வைத்துக்கொள்ளலாம்.