வீட்டுத்தோட்டம்: முதலில் ஒரு பாத்தி

நெல் விளைவிக்கும் குடும்பங்களும் மரக்கறியைச் சந்தையில் வாங்குவதுண்டு. உணவுப்பொருள்களின் விலை பெரிதும் ஏறிய 2022 ஆம் ஆண்டில் இது பெருஞ்சுமையாயிற்று. வீட்டுத்தோட்டம் இச்சுமையைக் குறைக்கும். ஆயினும், புதிதாகத் தொடங்குவோர் வளவு முழுவதையும் ஒரே நாளிற் கொத்தி விதைப்பின், நீரிறைத்தலும் களைபிடுங்கலும் விரைவிற் சலிப்பூட்டும்.

ஆதலின், கிணற்றுக்கு அண்மையில், வெயில் படும் இடத்தில், 3 அடி அகலமும் 10 அடி நீளமுமுள்ள ஒரு பாத்தியை முதலில் அமைத்தல் வேண்டும். இவ்வகலமாயின், பாத்தியை மிதியாது இருபுறமும் நின்று வேலை செய்யலாம். மாரிகாலத்திற் பாத்தியை உயர்த்துதல் வேண்டும். இன்றேல் நீர் தேங்கி வேர் அழுகும். நன்கு உக்கிய எருவை மண்ணுடன் கலந்து, கீரை விதையை மூன்று பகுதியாக, 10 நாட்களுக்கு ஒரு பகுதி வீதம் விதைத்தல் நன்று. கீரை 3 அல்லது 4 வாரங்களிற் பிடுங்கத்தக்கதாகும். ஒரு பகுதி முடிய அடுத்தது ஆயத்தமாயிருக்கும். இதிற் பழகிய பின்னர் கத்தரி, வெண்டி முதலியவற்றுக்கு இரண்டாம் பாத்தியை அமைக்கலாம்.