குரல் மாறினால் அபிமானம் மாறுமா?

உங்கள் அபிமான நட்சத்திரத்தின் வாயிலிருந்து ஒரு நாள் திடீரென்று வேறொருவர் குரல் புறப்பட்டால் என்ன செய்வீர்கள்? "நன்றாகத்தானே இருக்கிறது" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்களா? காதைப் பொத்திக்கொள்வீர்களா?

எங்கள் ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்!

அது 1969-ஆம் வருஷம். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கிராமம். ஆச்சிக்கு அப்போது இருபத்தைந்து வயது. திண்ணையில் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. கை ஓய முடியாது. ஆனால் காதுக்கு வேலை இல்லையே! எதிர் வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். டி.எம்.சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்காகப் பாடினால் ஆச்சிக்குப் பெட்டி தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட திண்ணையில் ஒரு நாள் 'அடிமைப்பெண்' படத்தின் 'ஆயிரம் நிலவே வா' ஒலித்தது. பாடியவர் இருபத்து மூன்று வயது எஸ்.பி.பாலசுப்பிரமணியம். இளசான, பாகு போன்ற குரல்.

"ஏ மதினி, வாத்தியாருக்குத் தொண்டை கிண்டை கட்டியிருக்கா?" என்று பக்கத்து வீட்டு மதினியைக் கேட்டாளாம் ஆச்சி. "தொண்டை கட்டலை, ஆளே வேற" என்று பதில் வந்ததும் ஒட்டிய கையோடு எழுந்துவிட்டாள்.

ஆச்சியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடகமேடையைப் பார்த்து வளர்ந்த சீமை இது. அங்கே ஆள் வேறு, குரல் வேறு என்ற பேச்சுக்கே இடமில்லை. சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் வந்தால், பாட்டும் அவரே, நடிப்பும் அவரே. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டுவதுபோல் வெள்ளைக்காரனை விரட்டிப் பாடுவார். அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940-ஆம் வருஷக் கடைசி நாளில் சென்னை மேடையில், முருகன் வேஷத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்தக் குரலை வேறு யாரிடம் இரவல் கேட்பது?

சினிமாதான் இரவல் குரலைக் கொண்டுவந்தது. அதோடு இந்தத் தலைவலியும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஆச்சி உயிரை விட்ட டி.எம்.எஸ்ஸே ஒரு காலத்தில் 'புதுக் குரல்'தான். 1952-இல் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசனுக்குப் பாடியவர் சி.எஸ்.ஜெயராமன். 1954-இல் 'தூக்குத் தூக்கி' தயாரானபோது ஜெயராமனே பாட வேண்டுமென்று சிவாஜி விரும்பினாராம். "சில பாட்டுகள் பாடிக் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் போய்விடுகிறேன்" என்ற மட்டில் டி.எம்.எஸ். பாடிக் காட்ட, சிவாஜி ஒப்புக்கொண்டார் என்பார்கள். அதே வருஷம் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ். குரல் பொருந்திவிட்டது. ஜெயராமன் குரலுக்கென்று ஏங்கியவர்கள் எத்தனை பேர் அன்று முகம் சுளித்தார்களோ! ஆச்சி அப்போது பத்து வயதுச் சிறுமி. அவளுக்கு அந்தத் துக்கம் தெரியாது.

பாலசுப்பிரமணியத்துக்கோ, பாட்டுப் பதிவாக இருந்த சமயத்தில் டைபாய்டு காய்ச்சல். வேறொருவரைப் பாடவைக்காமல் அவர் தேறும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார். "எம்.ஜி.ஆருக்குப் பாடப் போகிறேன் என்று நீ நண்பர்களிடம் சொல்லியிருப்பாயே" என்ற கருத்தில் அவர் பேசியதைப் பாலசுப்பிரமணியமே நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை என் சித்தி மகனிடம் சொன்னேன். விருதுநகரில் கல்லூரி மாணவன். காதில் எப்போதும் மேல்நாட்டு ராக் சங்கீதம். "எங்களுக்கும் இதே வழக்குதான், அக்கா" என்றான். ஆஸ்திரேலியாவின் 'ஏசி/டிசி' குழுவில் பாடிய பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்துபோனார். பிரையன் ஜான்சன் என்ற புதுப் பாடகரோடு அதே வருஷம் 'பேக் இன் பிளாக்' இசைத்தட்டு வந்தது. துக்கத்துக்கு அடையாளமாக அட்டை கறுப்பு. முதல் பாட்டு தொடங்குவதே மணியோசையில். உலகத்தில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் ஒன்று அது. ஆனாலும் என் தம்பி ஸ்காட் கட்சி! தான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே போய்விட்ட மனிதருக்காகச் சிநேகிதர்களோடு சண்டை போடுகிறான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். புதியவருக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது. மாற்றப்பட்டவருக்கு என்ன இருக்கிறது? எழுபதுகளின் பிற்பகுதியில் டி.எம்.எஸ்ஸுக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன. அதன் பிறகும் அவர் கச்சேரி மேடைகளில் பாடினார். பக்திப் பாடல்கள் பாடினார். முன்வரிசையில் போய் உட்கார்ந்தவர்கள், புதுக் குரலுக்கு எழுந்து போன ஆச்சிகள்தாம்.

ஆனால் ஆச்சி 'அடிமைப்பெண்' பார்க்காமல் இருந்தாளா? மூன்று தடவை பார்த்தாள்! "டி.எம்.எஸ். பாட்டும் அதிலே இருக்குல்லா" என்று சமாதானம் வேறு.

2020 செப்டம்பரில் பாலசுப்பிரமணியம் மறைந்த அன்று, கொரோனா பயத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பையன் பாட்டை போன்ல போடு" என்றாள். எழுபத்து நாலு வயதில் போன மனிதர் அவளுக்கு இன்னும் பையன்தான். 'ஆயிரம் நிலவே வா'வை முழுவதும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இப்போ டி.எம்.எஸ்ஸைப் போடு" என்றாள்.