கேஸ் கீசர் அடிக்கடி அணைகிறதா? ஜன்னலை மூடும் முன் இதைக் கவனிங்க!

மார்கழிக் காலையில் தலைக்கு ஷாம்பு போட்ட நேரம் பார்த்து கேஸ் கீசர் அணைந்துவிடும். தண்ணீர் ஜில்லென்று கொட்டும். கடலாடி, சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் வாடைக்காற்று வீசும் நாள்களில் இப்படி நடந்தால், காற்றுதான் காரணம் என்று பாத்ரூம் ஜன்னலை இறுக மூடத் தோன்றும். ஆபத்து ஆரம்பிப்பதே அங்கேதான்.

கீசர் ஏன் தானாக அணைகிறது?

பழைய மாடல்களில் ‘பைலட்’ என்ற சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதையொட்டி தெர்மோகப்பிள் என்ற உலோகக் கம்பி இருக்கும். சுடரின் சூட்டில் அதில் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும். கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருப்பது அதுதான். சுடர் அணைந்தால் கம்பி ஆறும், வால்வு மூடிக்கொள்ளும்.

இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பேட்டரி ஸ்பார்க்கில் எரியும் இன்ஸ்டன்ட் கீசர். இதில் பைலட் கிடையாது; தீ எரிகிறதா என்று ஒரு சென்சார் கம்பி கவனிக்கும். இரண்டுக்கும் வேலை ஒன்றே: தீ இல்லையென்றால் கேஸை நிறுத்துவது. அதனால் சென்சாரைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க.

எப்போது அணைகிறது?

இதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

* குமிழை விட்டதும் பைலட் அணைந்தால்: தெர்மோகப்பிளில் கரி படிந்திருக்கலாம், பழுதாகியிருக்கலாம், அல்லது சுடர் அதன் நுனியைத் தொடாமல் இருக்கலாம். டெக்னீஷியன் சுத்தம் செய்து பார்ப்பார். சரியாகாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

* ஸ்பார்க் பலவீனமாக இருந்தால், அல்லது பற்றிய சில விநாடிகளில் அணைந்தால்: பேட்டரியை மாற்றிப் பாருங்கள். மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களைத் தொட்டு வரும் காற்றில் உப்பு இருக்கும். பேட்டரி முனையில் துரு, பச்சை படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

* தண்ணீர் மெதுவாக வரும்போது அணைந்தால்: போதிய அழுத்தம் இல்லாவிட்டால் இன்ஸ்டன்ட் கீசர் கேஸைத் திறக்காது. உப்புத்தண்ணீர் ஓடும் வீடுகளில் ஃபில்டரையும் ஷவரையும் கழற்றினால் வெள்ளையாக உப்புப் படிவு அடைத்திருப்பதைப் பார்க்கலாம்.

* அடுப்பிலும் தீ குறைவாக இருந்தால்: சிலிண்டர் தீரப்போகிறது, அல்லது ரெகுலேட்டர், டியூபில் கோளாறு.

* சரியாக 20 நிமிடத்தில் அணைந்தால்: பல மாடல்களில் டைமர் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கும். இது பழுதல்ல.

* மூடிய பாத்ரூமில் சில நிமிடம் எரிந்து அணைந்தால்: உடனே வெளியே வாருங்கள்.

கடைசிக் காரணம் ஏன் ஆபத்து?

கேஸ் எரிய ஆக்சிஜன் வேண்டும். மூடிய சின்ன அறையில் அது குறையக் குறைய, கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, கதவைத் திறக்கத் தெம்பில்லாமல் மயங்கி விழுபவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. இதற்கு ‘கேஸ் கீசர் சின்ட்ரோம்’ என்றே இந்திய மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக அசைந்தாடினாலோ, கீசரைச் சுற்றிக் கரி படிந்தாலோ, அதை நிறுத்திவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்போ காற்றுக்கு என்ன வழி?

கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவதுதான் நல்லது. நேரடிக் காற்று படாத சுவராகத் தேர்ந்தெடுக்கலாம். புகைக்குழாய் உள்ள மாடல் என்றால், காற்று திருப்பி அடிக்காதபடி அதன் முனையில் மூடி போடச் சொல்லுங்கள். அதுவரை வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்திவிட்டுக் குளிக்கலாம். ஜன்னலும் வென்டிலேட்டரும் திறந்தே இருக்கட்டும்.

மறுபடி பற்றவைக்கும் முன்

குமிழை மூடிவிட்டு ஐந்து நிமிடமாவது பொறுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். அதனால் குனிந்து முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள். குளிக்கப் போனவர் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லையா? கதவை உடைத்தாவது காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வந்து, 108-ஐ அழையுங்கள்.