உழைப்பும் உணவின் அளவும்



திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குச் செல்லும் பேருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறுகிறது. உள்ளே அமர்ந்திருப்பவருக்கு முன்னிருக்கையைப் பற்றிக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அதே மலையில், சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரைகளின் முதுகில் வருகின்றன. அவற்றை ஓட்டி வருபவர் ஏற்றத்திலும் இறக்கத்திலும் உடன் நடக்கிறார். இவ்விருவருக்கும் ஒரே அளவு சோறு பொருந்துமா? எடையைக் குறைக்க விரும்புவோர் நாளொன்றுக்கு எத்தனை கலோரி உண்ணலாம் என்ற வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்றத் தேவையான வெப்பத்தையே உணவியலார் கலோரி என்கின்றனர். நாம் அசையாது படுத்திருந்தாலும் இதயம் துடிக்கவும், மூச்சு இயங்கவும், உடற்சூடு நிலைக்கவும் ஆற்றல் செலவாகிறது. 65 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவருக்கு இந்த அடிப்படைச் செலவு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கலோரி. இதன்மேல் உழைப்பின் செலவைச் சேர்க்கவேண்டும்.

எவ்வளவு சேர்ப்பது? 1918-இல் நமது குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தோன்றி, பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் ஒரு கணக்கு வகுத்தது. உட்கார்ந்து பணிபுரிபவராயின் அடிப்படைச் செலவை 1.4-ஆலும், நடுத்தர உழைப்பாளியாயின் 1.8-ஆலும், கடும் உழைப்பாளியாயின் 2.3-ஆலும் பெருக்கவேண்டும். மேற்சொன்ன 65 கிலோ ஆடவருக்கு முறையே 2,110, 2,710, 3,470 கலோரி வருகின்றன. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1,660, 2,130, 2,720. ஒரே எடையுள்ள இரண்டு ஆடவரிடையே 1,360 கலோரி வேறுபாடு! அது ஏறத்தாழ 400 கிராம் அரிசிக்குச் சமம்.

கணக்கு ஆசிரியனாக இருந்தவனுக்குக் கரும்பலகையைக் கண்டால் கை சும்மா இராது. 65 கிலோ எடையுள்ளவர் 700 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். எடையை 9.8-ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 4,46,000 ஜூல், அதாவது 107 கலோரி கிடைக்கும். ஆனால் நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே வேலையாக மாறுகிறது; எஞ்சியது வெப்பமாகிறது. மலையேறுவோருக்கு வியர்ப்பது இதனாலேதான். ஆகவே மெய்யான செலவு நான்கு மடங்கு, ஏறத்தாழ 425 கலோரி. மலை முழுதும் ஏறி இறைத்த மூச்சுக்கு ஈடு, 120 கிராம் அரிசி!

பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். காலையில் அரைமணி நேரம் விரைந்து நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாக 100 முதல் 130 கலோரி வரை செலவாகலாம். அதைச் செய்துவிட்டு, எஞ்சிய பொழுதெல்லாம் நாற்காலியில் கழிப்பவர், தம்மை நடுத்தர உழைப்பாளி என்று எண்ணிக்கொள்கிறார். அந்த ஓர் எண்ணத்தால் தமக்கு 600 கலோரி கூட்டிக்கொள்கிறார். அதன்மேல் 500 கலோரி குறைத்து உண்டாலும் எடை ஏன் இறங்கும்? உழைப்பு வகையை முடிவு செய்வது நாள் முழுதுமான இயக்கமே. விடியற்கால அரைமணி அன்று.

பசியே அளவைச் சொல்லிவிடாதா எனலாம். கல்கத்தாவை அடுத்த சணல் ஆலை ஒன்றின் தொழிலாளர் இருநூற்றுக்கும் மேற்பட்டோரை ழான் மேயர் என்னும் அறிஞரும் இந்திய ஆய்வாளர் இருவரும் ஆராய்ந்து, 1956-இல் முடிவை வெளியிட்டனர். கடும் சுமை தூக்குவோர் மிகுதியாக உண்டனர், ஆயினும் பருக்கவில்லை. இலேசான வேலை செய்தோர் குறைவாக உண்டனர், அவர்களும் பருக்கவில்லை. இதுவரையில் பசி நேர்மையான கணக்கப்பிள்ளைதான். நாள் முழுதும் அமர்ந்தே இருந்தவர்களிடம் வந்தபோது கணக்குப் பிசகிற்று. அவர்கள் இலேசான வேலை செய்தோரைவிட அதிகம் உண்டனர், எடையும் மிகுந்திருந்தது. வருவாய் வேறுபாடும் இதில் கலந்திருக்கலாம். ஓர் ஆலையை வைத்து உலகை அளக்கவும் கூடாது. எனினும் கமலை ஓட்டிய பாட்டனாரின் உண்கலத்தில் கணிப்பொறி முன் அமரும் பேரன் உண்ணும் நம் வீடுகளுக்கு அது அயலான செய்தி அன்று. நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைவு வேண்டும். நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரத்திற்கு அரைக்கிலோ அளவில் இறங்கும். பிறகு வேகம் தணியும். சிறுத்த உடலுக்குத் தேவையும் சிறுக்கிறதன்றோ? ஆகவே நாலைந்து கிலோ குறைந்ததும் புதிய எடைக்கு மறுபடி கணக்கிடவேண்டும். மருத்துவர் மேற்பார்வையின்றி அடிப்படைச் செலவுக்கும் கீழே உணவைக் குறைப்பது தகாது. உங்களில் இன்னும் வளர்ந்து கொண்டிருப்போர் மேற்சொன்ன எண்களைத் தமக்கெனக் கொள்ளவே கூடாது; அவை வளர்ந்தோருக்கு உரியவை.

கல்லூரி மாணவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். தாளில் 24 கட்டம் வரைந்து, உறக்கம், அமர்தல், நிற்றல், நடத்தல், ஓடுதல் என்று ஒவ்வொரு மணிக்கும் உண்மையை எழுதுங்கள். மூன்று நாள் எழுதியபின், 1.4-ஆ, 1.8-ஆ என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.