புரோமீத்தியசு (மென்பொருள்)

புரோமீத்தியசு என்பது வழங்கிகள், தரவுத்தளங்கள், மேகக் கணிமையில் இயங்கும் செயலிகள் ஆகியவற்றின் நிலையைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்து, கோளாறு நேரும்போது பொறுப்பாளருக்கு எச்சரிக்கை அனுப்பும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். இது கோ என்னும் நிரலாக்க மொழியில் எழுதப்பட்டது. அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. கிரேக்கத் தொன்மத்தில் தேவர்களிடமிருந்து நெருப்பைக் கவர்ந்து மனிதருக்கு அளித்தவரின் பெயர் இதற்கு இடப்பட்டுள்ளது.

பின்னணி

முன்னர் ஒரு நிறுவனத்தின் வழங்கிகள் பல ஆண்டுகள் ஒரே பெயரிலும் ஒரே முகவரியிலும் இயங்கின. 1999 இல் தோன்றிய நேகியோசு போன்ற கருவிகள் இச்சூழலுக்கு ஏற்றவை. நிருவாகி வழங்கிகளைப் பட்டியலிட்டு வைப்பார். கருவி அவை ஒவ்வொன்றும் இயங்குகிறதா என்று குறித்த இடைவெளியில் சோதிக்கும்.

மேகக் கணிமையில் நிலைமை வேறு. ஒரு செயலியின் படிகள் கொள்கலன்களாக இயங்குகின்றன. பயனர் கூட்டம் பெருகும்போது புதிய கொள்கலன்கள் தாமாகவே தோன்றி, கூட்டம் குறைந்ததும் மறைகின்றன. கையால் எழுதிய பட்டியல் சில நிமிடங்களிலேயே பழையதாகிவிடும். மேலும், எல்லா வழங்கிகளும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே சேவை தாங்கமுடியாத அளவு மெதுவாக இருக்கக்கூடும். ஆகவே, "இயங்குகிறதா" என்னும் வினா மட்டும் போதுமானதன்று.

வரலாறு

கூகுளில் முன்னர் பணியாற்றிய மாட் பிரவுட், ஜூலியசு வோல்ட்சு ஆகியோர் 2012 இல் பெர்லினில் உள்ள சவுண்ட்கிளவுட் என்னும் இசைச் சேவை நிறுவனத்தில் இதனை உருவாக்கத் தொடங்கினர். கூகுள் தன் உள்பயன்பாட்டுக்கு வைத்திருந்த போர்க்மான் என்னும் கண்காணிப்பு முறைமை இதற்குத் தூண்டுதலாக அமைந்தது. 2015 இல் இத்திட்டம் பரவலாக அறிவிக்கப்பட்டது. 2016 இல் மேகக் கணிமைக்கான திறமூல அறக்கட்டளையான சி.என்.சி.எஃப். இல், குபெர்னெட்டீசுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாகச் சேர்ந்தது. மூன்றாம் பெரும் பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது.

செயற்படும் முறை

கண்காணிக்கப்படும் ஒவ்வொரு செயலியும் தன் அளவீடுகளை ஒரு வலை முகவரியில் எளிய உரையாக வெளிக்காட்டுகிறது. புரோமீத்தியசு, எடுத்துக்காட்டாக 15 வினாடிக்கு ஒருமுறை, அம்முகவரிக்குச் சென்று அவற்றைப் பெற்றுவருகிறது. இயக்குதளம், தரவுத்தளம் போன்றவற்றுக்கு இப்பணியைச் செய்ய துணை நிரல்கள் உள்ளன. எந்தெந்தக் கொள்கலன்கள் தற்போது உள்ளன என்பதைக் குபெர்னெட்டீசு போன்ற முறைமைகளிடமே கேட்டு அறிந்துகொள்கிறது.

இம்முறையில் மௌனமும் ஒரு செய்தியாகிறது. அளவீட்டைப் பெற முடிந்தால் 1 என்றும், பெற முடியாவிட்டால் 0 என்றும் ஒவ்வொரு முயற்சியும் பதிவாகிறது. வழங்கிகள் தாமாகத் தரவை அனுப்பும் முறையில், ஒரு வழங்கி செயலிழந்ததா, வேண்டுமென்றே நிறுத்தப்பட்டதா என்று பிரித்தறியத் தனி ஏற்பாடு தேவைப்படும்.

அளவீட்டு வகைகள்

முதன்மையான வகைகள் மூன்று.

எண்ணி: வீட்டு மின்சார மீட்டர் போல ஏறிக்கொண்டே செல்வது. வந்த வேண்டுகோள்களின் மொத்த எண்ணிக்கை இவ்வகை. இரு நேரங்களின் வேறுபாட்டிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம்.

மானி: வெப்பமானி போல ஏறவும் இறங்கவும் கூடியது. நினைவகப் பயன்பாடு இவ்வகை.

பரவல்: எத்தனை வேண்டுகோள்கள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று பிரித்துக் காட்டுவது. 100 வேண்டுகோள்களில் 99 க்கு 0.1 வினாடியும், ஒன்றுக்கு 10 வினாடியும் ஆனால், சராசரி ஏறத்தாழ 0.2 வினாடியே. 10 வினாடி காத்திருந்த பயனரைச் சராசரி மறைத்துவிடும், பரவல் காட்டிவிடும்.

தரவுச் சேமிப்பு

100 வழங்கிகள் தலா 1,000 அளவீடுகளை 15 வினாடிக்கு ஒருமுறை தந்தால், ஒரு நாளில் 57.6 கோடி மதிப்புகள் சேரும். அடுத்தடுத்த மதிப்புகள் பெரும்பாலும் ஒத்திருப்பதால், வேறுபாட்டை மட்டும் எழுதி, நேரமும் மதிப்புமாக 16 பைட்டு எடுக்கக்கூடிய ஒரு பதிவை சராசரியாக 1 முதல் 2 பைட்டில் சேமிக்க முடிகிறது. தரவு இயல்பாக 15 நாட்களுக்கு வைக்கப்படும்.

எச்சரிக்கை

புரோம்கியூஎல் என்னும் வினவல் மொழியில் எச்சரிக்கை விதிகள் எழுதப்படுகின்றன. வட்டு 90 விழுக்காடு நிரம்பிவிட்டது என்பதைவிட, இதே வேகத்தில் இன்னும் 4 மணி நேரத்தில் நிரம்பிவிடும் என்பது பயனுள்ள செய்தியாகும். இவ்விரண்டு விதிகளையும் இம்மொழியில் எழுதலாம். ஒரு பிணைய இணைப்பு அறுந்து நூறு எச்சரிக்கைகள் எழுந்தால், அவற்றை ஒன்றாகத் தொகுத்து அனுப்புவது தனி நிரலொன்றின் பணியாகும். தேவையற்ற எச்சரிக்கைகள் மிகுந்தால் பொறுப்பாளர் உண்மையானதையும் கவனிக்காமல் விடுவார்.

தனித்தியங்கும் தன்மை

2017 பெப்ரவரி 28 அன்று அமேசானின் எசு3 சேமிப்புச் சேவை, ஊழியர் ஒருவர் ஓர் ஆணையைத் தவறாக உள்ளிட்டதால், அமெரிக்காவின் வடக்கு வர்சீனியா வட்டாரத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பாதிக்கப்பட்டது. சேவைகளின் நிலையை அறிவிக்கும் பக்கத்தின் நிருவாகக் கருவியும் எசு3 ஐயே சார்ந்திருந்ததால், முதல் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு சேவையின் நிலையையும் அப்பக்கத்தில் மாற்ற இயலவில்லை. தான் கண்காணிக்கும் பொருளையே சார்ந்திருக்கும் கருவி, மிகவும் தேவைப்படும் வேளையில் அதனுடன் சேர்ந்தே விழுந்துவிடும்.

இக்காரணம் பற்றியே ஒவ்வொரு புரோமீத்தியசு வழங்கியும் பிற வழங்கிகளையோ தொலைச் சேமிப்பையோ நம்பாமல், தன் சொந்த வட்டில் தரவை வைத்துத் தனித்து இயங்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. புரோமீத்தியசே நின்றுவிட்டால் அறிவதற்கு, எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கை ஒன்றை வெளியிலுள்ள வேறொரு சேவைக்கு அனுப்புவது வழக்கம். அது வருவது நின்றால், கண்காணிப்பே பழுதாகிவிட்டது என்று பொருள்.

குறைபாடுகள்

தனித்தியங்குவதற்கு ஒரு விலை உண்டு. ஒரு வழங்கியின் வட்டும் நினைவகமுமே அதன் எல்லை. பல ஆண்டுத் தரவை வைக்கத் தானோசு போன்ற மென்பொருள்களை இணைக்க வேண்டும். பயனர் எண் போன்ற அளவற்ற மதிப்புகளை அடையாளக் குறியாகச் சேர்த்தால், ஒவ்வொன்றும் தனித் தொடராகி நினைவகம் நிரம்பிவிடும். இடையில் சில மதிப்புகள் தவறக்கூடுமாதலால், கட்டணப் பட்டியல் போல ஒன்றுகூட விடுபடக்கூடாத கணக்குகளுக்கு இது ஏற்றதன்று.

இவற்றையும் பார்க்க

மேகக் கணிமை
கட்டற்ற மென்பொருள்
குபெர்னெட்டீசு